ஏழு குச்சித் தீப்பெட்டி

சாத்தூருக்கு மேற்கே, வைப்பாற்றை ஒட்டிய கரிசல் ஊர் ஒன்றில் சங்கையா என்று ஒருவர் இருந்தார். கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு, எட்டாம் வகுப்புவரை படிப்பு. இதெல்லாம் அந்தப் பக்கத்தில் பலருக்கும் இருந்ததுதான். அவரிடம் மட்டும் இருந்த ஒன்று, எண்ணைக் கண்டால் சும்மா விடாத குணம்.

பஸ்ஸின் நெற்றியில் எழுதிய எண், மைல் கல்லில் உள்ள எண், பருத்திப் பொதியில் மையால் போட்ட எண், எதைப் பார்த்தாலும் அதை உடைக்கப் பார்ப்பார். உடைப்பது என்பது அவருடைய சொல். 91 என்று கண்டால், "ஏழு, பதிமூணு" என்பார். ஏழையும் பதின்மூன்றையும் பெருக்கினால் தொண்ணூற்றொன்று. எண் உடைந்துவிட்டது, அத்தோடு அதன் மேல் இருந்த மரியாதையும் போயிற்று, பார்வை அடுத்த எண்ணுக்குத் தாவிவிடும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் எண்களைப் பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சங்கையாவுக்கு அந்தப் பெயர் போதவில்லை. 'உடையாத எண்' என்றுதான் சொல்வார். அப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தில் ஒரு களை இருக்கும்.

சாத்தூர் ரயில்வே கேட்டில் மாட்டு வண்டியோடு நின்றால், மற்றவர்கள் கூட்ஸ் வண்டி எப்போது போய்த் தொலையும் என்று பார்ப்பார்கள். சங்கையா ஒவ்வொரு பெட்டியின் எண்ணாக உடைத்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை கேட் திறந்த பிறகும் வண்டியை எடுக்காமல் நின்றுவிட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏலே, மாடு செத்துப்போச்சா, இல்ல நீ செத்துட்டியா?" என்று கேட்டார்.

"கடைசிப் பெட்டி உடையலையே, அண்ணாச்சி!" என்றார் சங்கையா, பரவசமாக. லாரிக்காரர் பதறிப்போய்த் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்.

1951இல் அவருக்குத் தாயில்பட்டியிலிருந்து பெண் எடுத்தார்கள். பெண்ணின் பெயர் முத்துப்பேச்சி. கல்யாணம் முடிந்து முதன்முதலாகத் தனியாகப் பேசக் கிடைத்த நேரத்தில் சங்கையா கேட்டது, "ஒனக்கு என்ன வயசு?"

"பத்தொம்போது."

"ஆகா! உடையாது!"

முத்துப்பேச்சி கையில் வைத்திருந்த பால் தம்ளரை ஒரு தரம் பார்த்தாள். அது பித்தளை, உடையாதுதான். மறுவீட்டுக்குப் போனபோது அவள் தன் தாயாரிடம், "ஆளு நல்ல ஆளுதான்ம்மா. ஆனா எதப் பாத்தாலும் உடையும், உடையாதுங்காரு," என்றாள். தாயார் சொன்னாள்: "ஒன்னப் போட்டு உடைக்காம இருந்தாச் சரி, போ."

மறுவருடம் அவளுக்கு இருபது வயது ஆனபோது சங்கையா உண்மையாகவே கொஞ்சம் வருத்தப்பட்டார். அதற்குள் அவளுக்கும் இந்தப் பாஷை பழகிவிட்டது. "விடுங்க. இன்னும் மூணு வருசம் பொறுத்தா இருபத்தி மூணு வந்திரும்," என்று அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

அடுத்து வந்த வருடங்களில் மழை ஏமாற்றியது. மிளகாய்ச் செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது, பருத்தி அதற்கும் கீழே. ஊரில் பாதிப் பேர் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டுக் கொட்டகையாக இருந்தாலும் அது ஆபீஸ்தான். முத்துப்பேச்சி தாயில்பட்டியில் இருந்தபோதே குச்சி அடுக்கியவள், பெட்டி ஒட்டியவள், மருந்து எந்தப் பதத்தில் குச்சியில் நிற்கும் என்று அறிந்தவள். "அடுத்தவுக ஆபீசுக்குப் போறதுக்கு நம்ம புஞ்சையிலயே ஒரு கொட்டகை போட்டா என்ன?" என்று கேட்டாள். போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். லைசென்சும் கிடைத்தது. தீப்பெட்டிக்கு ஒரு பெயரும் படமும்தான் பாக்கி.

அதற்காகச் சங்கையா சிவகாசிக்குப் போய், ஒரு லித்தோ அச்சகத்தில் லேபிள் படம் வரைகிற லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். லட்சுமிகாந்தம் முருகனை வரைந்தால் மயில் அகவும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். மனிதருக்கும் அந்த நினைப்பு உண்டு.

"என்ன மார்க்கு வேணும்?" என்றார் அவர்.

"சிங்கம்?"

"இருக்கு."

"மான்?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓடுது, ஒண்ணு நிக்குது."

"படுத்திருக்க மான் போடலாமே?"

"படுத்த மானை வாங்கி எவன் அடுப்புப் பத்தவைப்பான்? மேல சொல்லுங்க."

கிளி, மயில், புலி, சேவல், தாமரை, கப்பல், விமானம் எல்லாம் கேட்டாயிற்று. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருந்தார். சங்கையா யோசித்தபடி சட்டைப் பையிலிருந்த சாம்பிள் பெட்டியைத் திறந்து, குச்சிகளை மேஜை மேல் ஒவ்வொன்றாக நிறுத்தி வைப்பதுபோல் அடுக்கினார். ஏழு குச்சி. அதை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் களை வந்தது.

"இதுதான் மார்க்கு. இதையே போடுங்க."

"ஏழு குச்சியா?"

"குச்சின்னு பாத்தாக் குச்சி. எண்ணுன்னு பாத்தா எண்ணு. நல்லாப் பாருங்க அண்ணாச்சி. பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு!"

1111111. இந்த எண்ணை அவர் புதிதாகப் பார்க்கவில்லை. சில மாதங்களாகவே, பஸ்ஸிலும் வரப்பிலும், ஒன்றுகளை வரிசையாக நிறுத்தி உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஒன்று நின்றால் பதினொன்று, அது உடையாது. மூன்று நின்றால் 111. அது மூன்றாலும் முப்பத்தேழாலும் உடைந்துபோகும். நான்கு நின்றால் பதினொன்றால் உடையும். ஐந்து நாற்பத்தொன்றில் உடைந்தது. ஆறைக் கேட்கவே வேண்டாம், தொட்டதற்கெல்லாம் உடையும். ஏழு மட்டும் அசையவில்லை. ஏழால் போகவில்லை, பதினொன்றால் போகவில்லை, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது, இப்படி ஒவ்வொரு உடையாத எண்ணாக வைத்து வகுத்துக்கொண்டே 199 வரை வந்துவிட்டார். எண் இரும்பாக நின்றது.

முறைப்படி பார்த்தால் அது போதாது. ஓர் எண் இரண்டாக உடைந்தால் அதில் ஒரு துண்டாவது சின்னதாக இருக்கும்; இந்த எண்ணுக்கு அந்தச் சின்னத் துண்டு அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 1054க்குள் இருக்கவேண்டும். அதுவரை பார்த்தால்தான் உடையாது என்று அடித்துச் சொல்லலாம். இது சங்கையாவுக்குத் தெரியும். ஆனால் அப்போது கொட்டகைக்கு ஓடு வேய்கிற வேலை வந்துவிட்டது. 'இருநூறு வரைக்கும் உடையாதது இனிமேயா உடையப்போகுது?' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

லட்சுமிகாந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமியும் இல்ல, மிருகமும் இல்ல, ஒரு பொம்பளப் படமும் இல்ல. கோடு போடுறதுக்கு நான் எதுக்கு?"

இருந்தாலும் போட்டுக் கொடுத்தார். மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தலையோடு ஏழு குச்சிகள் விறைப்பாக நின்றன. கீழே சங்கையா சொன்ன வாசகம்: 'எண்ணும் உடையாது, குச்சியும் உடையாது.'

அந்த வாசகம்தான் சரக்கை விற்றது. தீப்பெட்டி எல்லாரும் செய்தார்கள். பாதிப் பெட்டியில் குச்சி உரசும்போதே ஒடிந்து விரலைச் சுடும். முத்துப்பேச்சி ஒடிகிற குச்சியைக் கண்ணாலேயே கண்டுபிடித்துக் கழித்துவிடுவாள். ஆகவே வாசகத்தின் பின்பாதி உண்மையாகவே இருந்தது. முன்பாதி டீக்கடைகளுக்குப் பொழுதுபோக்கு ஆயிற்று. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து கரித்துண்டால் சுவரில் வகுத்துப் பார்த்தார்கள். "பதினொண்ணால போகும்லே" என்று ஒருவர் பந்தயம் கட்டுவார். கடைசியில் ஒரு ஒன்று மீதி நின்று பல்லைக் காட்டும். கடைக்காரர்கள் சுவருக்கு வெள்ளையடிக்கிற செலவைச் சொல்லிச் சங்கையாவைத் திட்டிக்கொண்டே இன்னும் ஒரு பண்டல் கேட்டார்கள்.

1958இல் விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ஒரு கடை எடுத்தார் சங்கையா. ராட்டினத்துக்கும் சோப்புக் கடைக்கும் நடுவில் இடம். கடை முன்னால் ஒரு கரும்பலகை, பக்கத்தில் ஒரு டப்பா நிறையச் சாக்கட்டி. மேலே துணியில் எழுதிக் கட்டியிருந்தார்: 'இந்த எண்ணை உடைப்பவர் பெயர் மைக்கில் அறிவிக்கப்படும். ஒரு வருடத்துக்கு வேண்டிய தீப்பெட்டி பரிசு.'

சங்கையா பகலில் ஆர்டர் பிடிக்க ஊருக்குள் போய்விடுவார். கடையில் முத்துப்பேச்சி இருப்பாள். ஆகவே உடைக்க வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டியவள் அவள்தான்.

பருப்பு வியாபாரி ஒருவர் வந்து, "எழுதும்மா, மூணு," என்றார். "ஏழு ஒண்ணக் கூட்டுங்க, ஏழுதான வருது? ஏழு மூணுல போகுமா?" என்றாள். அவர் போய்விட்டார். ஒரு போலீஸ்காரர் பதினொன்று என்றார். முத்துப்பேச்சி மேஜைமேல் ஏழு குச்சியை வைத்து இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தாள். "பதினொண்ணுக்கு ஜோடி வேணும். மூணு ஜோடி சேந்தாச்சு. இந்தா நிக்கான் பாருங்க, ஒத்த ஆளு. இவனுக்கு யாரக் கட்டிவைக்க?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பத்தேழு என்றவருக்கு, 111தான் முப்பத்தேழால் போகும் என்பதால், குச்சிகளை மும்மூன்றாகப் பிரித்துக் காட்டினாள். அப்போதும் ஒருவன் தனியே நின்றான்.

அவள் படித்தது ஐந்தாவது வரைதான். பெரிய வகுத்தலெல்லாம் புருஷன் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான். பொருட்காட்சி ஆரம்பித்த சில நாளில், வந்தவர்கள் சொன்ன எண்களையெல்லாம் வகுத்து வகுத்து அவள் கைக்குச் சாக்கட்டி சோற்றுக்கரண்டி மாதிரி ஆகிவிட்டது. ஒரு விஷயமும் கண்ணில் பட்டது. வந்தவர்கள் யாரும் நூறைத் தாண்டவே இல்லை. புருஷனும் 199இல் நின்றுவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன இருக்கும்?

வெயில் கொளுத்திய ஒரு மத்தியான நேரம். ராட்டினம்கூட நின்றுவிட்டது. பலகையில் அவள் 211ஐப் போட்டுப் பார்த்தாள், மீதி வந்தது. 223, மீதி. 227, 229, 233, எல்லாம் மீதி. அடுத்தது 239. ஆயிரத்து நூற்றுப் பதினொன்றில் நான்கு தடவை போயிற்று, மீதி 155. ஒரு ஒன்றை இறக்கினாள், 1551; ஆறு தடவை, மீதி 117. இன்னொரு ஒன்று, 1171. நான்கு தடவை, மீதி 215. கடைசி ஒன்றை இறக்கினாள். 2151. இருநூற்று முப்பத்தொன்பதை ஒன்பதால் பெருக்கினாள்.

2151.

கழித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கையால் தடவிக்கூடப் பார்த்தாள். பலகையில் மீதி என்று ஒன்று இல்லவே இல்லை. முந்தானையால் பரபரவென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சோப்புக் கடைக்காரி பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள். அவள் சோப்புப் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் சங்கையா வந்ததும், தூக்குவாளியைத் திறந்து சோறு வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "இருநூத்தி முப்பத்தொம்போதால போகுது."

"என்னது போகுது?"

"ஒங்க எண்ணுதான். அந்தப் பக்கம் நாலாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தொம்போது நிக்குது."

சங்கையா கை சோற்றில் இருந்தபடியே வாயால் பெருக்கினார். இரண்டு தடவை பெருக்கினார். பிறகு சோற்றை விட்டுவிட்டு எழுந்தார். இருநூறில் அவர் நின்ற இடத்திலிருந்து ஆறே ஆறு உடையாத எண் தள்ளி இருந்திருக்கிறது அது. ஆறாவது எண்! கொட்டகைக்கு ஓடு வேய்ந்த அன்று மழையாவது பெய்திருக்கக் கூடாதா? அங்கே கொட்டகையில் லட்சக்கணக்கில் லேபிள் அடித்துக் கிடக்கிறது, எல்லாவற்றிலும் உடையாது, உடையாது என்று.

"யாருட்டயும் சொன்னியா?"

"சொல்லல. மைக்குல நீங்க சொல்லுங்க. உடைக்கிறவுக பேர மைக்குல சொல்றதாத்தான எழுதிக் கட்டியிருக்கீக?"

"வீட்டு ஆளுக்குப் பரிசு கெடையாது!"

"அப்படி எழுதலையே."

"ஏ புள்ள, பொருட்காட்சி முடியட்டும். பெறகு பாத்துக்கிடுவோம். இப்ப வெளிய தெரிஞ்சா நம்ம குச்சியும் உடையும்னு சொல்லீருவாங்க."

அதற்கு அவளும் சரி என்றாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையில், "பக்கத்துல போயி ஒரு டீ வாங்கிட்டு வாங்க," என்றாள். சங்கையா, "நான் எதுக்கு? நீயே போ," என்றார். முத்துப்பேச்சி கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "இருநூத்தி..." என்றாள். சங்கையா டீக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் வடை, இளநீர், ஜவ்வுமிட்டாய் எல்லாம் வாங்கி வந்தார். மறுநாள் ராட்டினத்தில் ஏற்றிவிடச் சொன்னாள். அதுவும் நடந்தது.

அதற்கடுத்த நாள்தான் காளிராஜ் வந்தார். விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒல்லியான, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். துணியில் எழுதியிருந்ததைப் படித்தார். எண்ணைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கொஞ்ச நேரம் பலகையை எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். மற்றவர்களைப்போல் குருட்டாம்போக்கில் எண்ணைச் சொல்லவில்லை. ஏழில் ஆரம்பித்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்து, மீதியை ஓரமாகக் குறித்து, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கூட்டம் சேர்ந்துவிட்டது. சேவற்கட்டு பார்ப்பதுபோல் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அவர் நூறைத் தாண்டியபோது சங்கையா கடைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். நூற்றைம்பதைத் தாண்டியபோது, "சார், ஒரு சர்பத் குடிச்சிட்டுச் செய்யலாமே," என்றார். காளிராஜ் வேண்டாம் என்று தலையாட்டினார். 199 வந்தது, மீதி. "சார், வெயில்ல நிக்கீக. ராட்டினத்துக்கு அங்கிட்டு ஒரு மரம் இருக்கு." 211, மீதி. 223, மீதி. "சார், காராச்சேவு சாத்தூர்ச் சரக்கு..." 229, மீதி. 233இல் மீதி வந்தபோது சங்கையா கண்ணை மூடிக்கொண்டார்.

காளிராஜ் பலகையை அழித்து, 239 என்று எழுதிக் கோடு இழுத்தார்.

"நில்லுங்க சார்!" முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. "அத நான் உடைச்சு மூணு நாளாச்சு!"

அவளுக்கே அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் பெயரை மைக்கில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான். சாக்கட்டியை வாங்கி, நான்கு, ஆறு, நான்கு, ஒன்பது என்று நிறுத்தாமல் போட்டு முடித்தாள். காளிராஜ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். முடிந்ததும் முதலில் கை தட்டியவர் அவர்தான்.

"நான் இன்னும் பாதியில இருக்கேன். இவங்க நமக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டாங்க," என்றார் கூட்டத்திடம். பிறகு ஆர்வம் தாங்காமல், "இந்த ரெண்டு துண்டும் மேற்கொண்டு உடையுமா பாத்தீங்களா?" என்று அவளிடம் கேட்டார். அவள் பார்க்கவில்லை. 239 உடையாது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். 4649ஐ இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த இடத்திலேயே சோதித்தார்கள். 67 வரை பார்த்தால் போதும். அது உடையவில்லை. ஆக, அந்த ஏழு ஒன்றும் உடைவது ஒரே ஒரு விதத்தில்தான். வேறு எந்த வழியாலும் அதைப் பிரிக்க முடியாது.

கூட்டத்துக்கு இந்த நுட்பமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "எண்ணு உடைஞ்சு போச்சுலே! அப்ப குச்சியும் உடையும்!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரலால் ஒடித்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சிரிப்பு ராட்டினம் வரை கேட்டது.

சங்கையா கூட்டத்துக்கு வெளியே போகும் வழியைப் பார்த்தார். ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் பலகைப் பக்கம் பார்வை போயிற்று. அங்கே வகுத்தல் சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல், பூஜ்யத்தில் முடிந்திருந்தது. தான் மாதக்கணக்கில் மோதிய கதவு திறந்து கிடக்கிறது. அதைத் திறந்தவள் முகமெல்லாம் சாக்கட்டித் தூளோடு நிற்கிறாள். அவர் நேரே மைக் இருந்த கொட்டகைக்கு நடந்தார். காணாமல்போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் மைக்கை வாங்கினார்.

"ஏழு குச்சித் தீப்பெட்டி எண்ணை உடைத்தவர், தாயில்பட்டி முத்துப்பேச்சி. என் வீட்டுக்காரி. என்னால முடியல, அவளால முடிஞ்சது. ஒரு வருசத்துத் தீப்பெட்டி அவளுக்குத்தான்."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. தீப்பெட்டி செய்கிறவளுக்குத் தீப்பெட்டிப் பரிசு! முத்துப்பேச்சி கடை வாசலில் நின்று, "எனக்கு எதுக்கு இம்புட்டு? வந்தவுக எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க," என்றாள். பண்டல்கள் பிரிந்தன. குச்சியை ஒடித்துக் காட்டியவரும் கூச்சப்படாமல் வரிசையில் நின்று ஒன்று வாங்கிக்கொண்டார்.

அப்போது அங்கே வந்து சேர்ந்தார் லட்சுமிகாந்தம். தன் லேபிளைப் பொருட்காட்சியில் பார்க்க வந்தவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "இதுக்குத்தான் கோடு வேண்டாம்னேன். மயில்னா யாரும் வகுக்க மாட்டான்," என்றார்.

காளிராஜ் சிரித்துக்கொண்டே, "பத்தொன்பது ஒன்று போட்டிருந்தா உடையாது. புத்தகத்துல படிச்சிருக்கேன்," என்றார்.

"பத்தொம்போது குச்சியா? பெட்டி ரெண்டு பக்கமும் சுத்தி வரும் சார்! ஒங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீக," என்றார் லட்சுமிகாந்தம்.

புது வாசகம் முத்துப்பேச்சி சொன்னது. 'எண் உடைவது ஒரே விதம். குச்சி எரிவது ஒரே உரசல்.' பழைய லேபிள் தீர்ந்ததும் அதை அடித்தார்கள். பொருட்காட்சிக் கதை பஸ் ஏறி ஊர் ஊராகப் போயிருந்தது. கடைகளில், "பொண்டாட்டி உடைச்ச தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டு வாங்கினார்கள். சங்கையா அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஆர்டர் எழுதவேண்டியிருந்தது. சரக்கு முன்னைவிட அதிகமாக ஓடியதால் பொறுத்துக்கொண்டார்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அந்த எண் மேல் கோபம். இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றுகளின் பக்கமே போகவில்லை. கேட்டில் கூட்ஸ் வண்டி போனால்கூட மாட்டைத்தான் பார்த்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, களத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருக்க, காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் மண்ணில் குச்சியால் 1111111ஐ எழுதினார். உடைக்கத்தானே முடியவில்லை, பெருக்கிப் பார்ப்போம் என்று அதை அதாலேயே பெருக்கினார். பாதியிலேயே எழுந்து, "ஏ புள்ள! இங்கன ஓடியா!" என்று சத்தம் போட்டார். ஆடு உளுந்தில் வாய் வைத்துவிட்டது என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தாள் முத்துப்பேச்சி.

மண்ணில் 1234567654321 என்று இருந்தது. ஒன்றில் தொடங்கி ஏழுவரை ஏறி, திரும்ப ஒன்றுக்கு இறங்கியிருந்தது. இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதேதான்.

முத்துப்பேச்சி கம்பை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "எல்லாத்தையும் கூட்டுனா நாப்பத்தொம்போது வருது. ஏழேழு," என்றாள். பிறகு, "இது நல்லாருக்குங்க," என்றாள். சங்கையாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆடு உண்மையாகவே உளுந்தில் வாய் வைத்திருந்ததை இருவரும் அப்புறம்தான் பார்த்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனபோது லட்சுமிகாந்தம் முதலில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சங்கையா விடவில்லை. மேலே 1, அதன் கீழே 121, அதன் கீழே 12321 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு வரிசை எழுதிக் காட்டினார். ஒரு ஒன்று, இரண்டு ஒன்று, மூன்று ஒன்று என்று ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி வந்த விடைகள் அவை. லட்சுமிகாந்தம் ஒரு கண்ணைத் திறந்தார். மறு கண்ணையும் திறந்தார்.

"இது கோபுரம்லா!" என்றார்.

ஏழு நிலைக் கோபுரம். எண்களெல்லாம் பொம்மைகள்போல் நிலைக்கு நிலை நின்றன. மேலே கலசம் வைத்தார், இரண்டு கிளியும் உட்கார வைத்தார். சங்கையா கிளி வேண்டாம் என்றதற்கு, "இத்தன வருசம் கோடு போட்டிருக்கேன், எனக்கு ரெண்டு கிளியாவது குடுங்க," என்று சொல்லிவிட்டார். 1961 தீபாவளிச் சீசனுக்கு வந்த அந்த லேபிளைச் சிலர் பெட்டியிலிருந்து உரித்துச் சுவரில் ஒட்டிவைத்தார்கள்.

முத்துப்பேச்சிக்கு உடைக்கிற ருசி பிடித்துவிட்டது. எட்டு ஒன்று, ஒன்பது, பத்து எல்லாம் எளிதில் உடைந்தன. பதினொரு ஒன்றில் வந்து நின்றாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கும்வரை கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்து நாள்தோறும் கொஞ்சம் வகுப்பாள். அவள் வகுக்கும்போது லேபிள் ஒட்டுகிற பெண்கள் சத்தம் போடாமல் பேசுவார்கள். காளிராஜ் எப்போதாவது மனைவியோடு வந்து போவார். அந்த எண்ணைப் பற்றி அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். உடையுமா உடையாதா என்பதை மட்டுமாவது சொல்கிறேனே என்று அவர் கெஞ்சியபோது, "சொன்னீகன்னா நம்ம பேச்சுவார்த்தை இன்னியோட சரி, சார்," என்றாள். அவர் சொல்லவில்லை. திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போகும்போதும் சொல்லவில்லை. பதினொரு ஒன்று 21649இல் உடையும். அதுவரை போவதற்குச் சாதாரண ஆயுள் போதுமோ என்னவோ. முத்துப்பேச்சி ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தாள்.

அங்கே அவள் நின்றதற்குக் காரணம் சங்கையாவின் முழங்கால். 1967 வாக்கில் அவரால் பஸ் ஏறி இறங்கி ஊர் சுற்ற முடியவில்லை. ஆர்டர் பிடிக்க ஓர் ஆள் வைக்கலாம் என்று அவர் சொன்னபோது, "ஆளு எதுக்கு? நான் போறேன். கொட்டகைய நீங்க பாத்துக்கிடுங்க. குச்சியக் கழிக்கும்போது மட்டும் கண்ணத் தொறந்து வச்சிக்கிடுங்க," என்றாள்.

ஒரு சாக்குப் பையில் சாம்பிள் பெட்டிகளோடு அவள் முதலில் போனது கோவில்பட்டிக்கு. மொத்தக் கடைக்காரர் அவளைச் சாமான் வாங்க வந்த பெண் என்று நினைத்து, "என்னம்மா வேணும்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ஒங்களுக்கு எம்புட்டு வேணும்னு கேக்கத்தான் வந்தேன்," என்று பையை இறக்கி வைத்தாள் முத்துப்பேச்சி. "ஏழு குச்சி."

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டு, உட்காருவதற்கு ஸ்டூலைத் தள்ளினார்.